ஆறடி மரம்

"அடிக்கு இவ்வளவா? நீங்க மரம் விக்கிறீங்களா, மனை விக்கிறீங்களா?"

டெய்லர் கேட்டதும் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கிறிஸ்துமஸ் மரக்கடைக்காரர் சிரிக்கவில்லை. காதுவரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லாவுக்குள்ளிருந்து களைத்த குரலில் பதில் வந்தது.

"ரேட்டு நான் போட்டதில்லண்ணே, சங்கம் போட்டது. இங்க எல்லாக் கடையிலயும் இதேதான். ஒரு காசு குறைச்சு வித்தாலும் என்னைக் கிளப்பிடுவாங்க."

"அப்ப எல்லாரும் சேர்ந்து பேசி வச்சு அடிக்கிறீங்க. அதான் அடிக்கணக்கு!"

மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள். "என்னங்க, வாங்கறதுன்னா வாங்குங்க. நாளைக்கு சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க."

அதை நினைத்தாலே டெய்லருக்கு எரிந்தது. மகளுக்குக் கல்யாணமாகி வரும் முதல் கிறிஸ்துமஸ். "உங்க வீட்டுலயும் மரமெல்லாம் வைப்பீங்களா?" என்று சம்பந்தியம்மா எல்லார் முன்னாலும் கேட்டிருந்தாள். அந்த 'மரமெல்லாம்' குண்டூசி மாதிரி அவர் நெஞ்சில் குத்தி நின்றது. மகள் அன்று தலையைக் குனிந்துகொண்டாள். நாளைக்கு அவள் குனியக்கூடாது. கூடத்தில் ஆறடி மரம் நிமிர்ந்து நிற்க வேண்டும். பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துச் சேர்த்த பணம் சட்டைப்பையில் இருந்தது. சரியாக ஆறடிக்குத்தான் வரும்.

குல்லாக்காரர் ஒரு மரத்தைத் தரையில் கிடத்தினார். வலைக்குள் இறுக்கிக் கட்டியிருந்ததால் சுருட்டி வைத்த பாய் போலக் கிடந்தது. பக்கத்தில் ஒரு கோலை வைத்தார். "ஆறடிண்ணே."

டெய்லரின் புருவம் ஏறியது. மற்ற கடைகளில் எல்லாம் இரும்பு டேப். இங்கே மட்டும் ஒரு கட்டைக்கோல், அதில் பெயின்ட்டால் இழுத்த கோடுகள். எல்லா இடத்திலும் ஒரே ரேட்டு என்றால் இந்தக் கடையில் மட்டும் எதற்கு இவ்வளவு கூட்டம்? இனிக்க இனிக்கப் பேசி ஆளை இழுக்கிறான். ஊருக்கே குல்லா போடுகிறவன் தலையிலும் ஒரு குல்லா!

"இது கடையில வாங்கின கோலா, அடுப்புக்கு வச்சிருந்ததா?"

"நானே செஞ்சதுண்ணே."

"அதானே பார்த்தேன். அடியையும் நீங்களே செஞ்சுக்கிட்டீங்களா?"

டெய்லர் பையிலிருந்து தையல் டேப்பை உருவினார். வரிசையில் நின்ற லாரி டிரைவர், "டெய்லரே, மரத்துக்குக் கோட்டு தைக்கப் போறீங்களா? கை வைக்க மறந்துடாதீங்க!" என்றார்.

குல்லாக்காரரின் முகம் வெளுத்தது. கிட்டே வந்து தணிந்த குரலில், "அண்ணே, டேப்பை உள்ள வைங்க. சத்தம் போடாதீங்க, தலைவர் அங்கதான் நிக்கிறார்" என்றார்.

"கேட்டீங்களா எல்லாரும்? அளக்கக் கூடாதாம்!"

அந்தச் சத்தத்துக்குச் சங்கத் தலைவரே தொப்பையை முன்னால் விட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். "என்ன தகராறு?"

"இவர் கோல்ல தில்லுமுல்லு இருக்கு சார்."

"எனக்கும் ரொம்ப நாளா சந்தேகம். இவன் கடையில மட்டும் என்ன திருவிழாக் கூட்டம்னு. அளங்க. ஒரு இன்ச் முன்னப்பின்ன இருந்தாலும் இப்பவே கடையைக் காலி பண்ண வைக்கிறேன்."

"விட்டுடுங்க, பாவம்" என்றாள் மனைவி.

"பாவமா? பாவம் பண்றதே இவன்தான்!"

டெய்லர் மண்டி போட்டார். தையல் டேப் அறுபது அங்குலம்தான். அது முடிந்த இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இது அஞ்சடி. மிச்சம் பன்னிரண்டு இன்ச் இருந்தா ஆறடி. எட்டு தேறினாலே பெரிய விஷயம், பாருங்க!"

கோட்டிலிருந்து நுனிவரை டேப்பை இழுத்தார். கட்டைவிரல் வந்து நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை அளந்தார். குல்லாக்காரர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

"எவ்வளவு?" என்று தலைவர் குனிவதற்குள் டெய்லர் டேப்பைச் சுருட்டிவிட்டார்.

"தப்பு என் மேலதான் சார். இந்தக் கோல்ல வாங்கறவங்களுக்கு ஒரு இன்ச்கூட நஷ்டமில்ல. டேப் பிடிச்சே பொழைக்கிறவன் சொல்றேன், நம்புங்க."

"வேலை வெட்டி இல்லாத ஆளுய்யா நீ!" தலைவர் எரிச்சலோடு திரும்பி நடந்தார்.

"இதுக்கா இவ்வளவு அலப்பறை? பெரிய அளவுக்காரர் வந்துட்டாரு!" என்றார் லாரி டிரைவர். வரிசை முழுக்கச் சிரித்தது. டெய்லர் அத்தனையையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். பணத்தை இரண்டு கையாலும் நீட்டினார். குல்லாக்காரரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மரத்தின் ஒரு முனையை டெய்லரும் மறுமுனையை மனைவியும் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பினார்கள். அதுவரை பொறுத்திருந்தவள் பிடித்துக்கொண்டாள்.

"மானத்தை வாங்கிட்டீங்க. எட்டு தேறாதுன்னு அந்தக் குதி குதிச்சீங்களே, கடைசியில எவ்வளவுதான் வந்துச்சு?"

டெய்லர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இருபத்துநாலு. ஏழடி மரத்துக்கு ஆறடிக் காசு வாங்கியிருக்காரு அந்த மனுஷன்."