மவுஸுக்கு வீசிய காற்று

திருநின்றவூர் வீட்டின் முன்னறையில் மதிய வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீட்டிப் போட்டிருக்கிறது. சாமுண்டீஸ்வரி மவுஸையும் டேபிள் ஃபேனையும் பிணைத்திருந்த நூலைக் கத்தரிக்கிறாள். எடிட் செய்த கல்யாண வீடியோவைச் சேமிக்க இரண்டு மணி நேரமாகும். கம்ப்யூட்டரோ பதினைந்தாவது நிமிடமே தூங்கிவிடும். அது தூங்காதிருக்க, ஒரு மாதமாக அந்த ஃபேன்தான் மேஜையோரம் தலையாட்டி மவுஸை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. “நான்தான் போன வாரமே செட்டிங்க மாத்திட்டேனே?” என்கிறான் கணவன் தமிழரசு, நைட் ஷிஃப்ட் தூக்கம் கலையாத குரலில். “நீ மாத்துனது ஸ்கிரீன் அணையுற நேரம். கம்ப்யூட்டர் தூங்குற நேரம் கீழ தனியா கீது, அத்த அப்டியே உட்டுக்கீற.” அதையும் ‘நெவர்’ என்று மாற்றிவிட்டுச் சேமிக்கப் போடுகிறாள். ஐந்து மணிக்கு வீடியோவை வாங்கப் பெண் வீட்டார் வந்துவிடுவார்கள். திரையில் பச்சைக் கோடு அரிசி அரிசியாக நகர்கிறது. தமிழரசின் விரல் பழக்கத்தில் மவுஸை நோக்கிப் போகிறது. “கை வெக்காதய்யா! தானா முழிச்சினு கீதான்னு பாக்கணும்.” அவன் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொள்கிறான். ஆவடிப் பக்கம் ஒரு மின்சார ரயில் கூவிப் போகிறது. பதினான்கு. பதினைந்து. பதினாறாவது நிமிடமும் திரையில் மணப்பெண் பளிச்சென்று சிரித்துக்கொண்டே இருக்கிறாள். “தூங்கலம்மே,” என்கிறான் தமிழரசு, தொட்டிலருகே பேசுவதுபோல மெல்ல. சாமுண்டீஸ்வரி ஃபேனைத் தூக்கித் தன் பக்கம் திருப்பி வைக்கிறாள். கண்ணை மூடிக்கொள்கிறாள். மவுஸுக்கே வீசிய காற்று ஒரு மாதம் கழித்து அவள் கழுத்து வியர்வையில் வந்து படுகிறது.