சிரித்தால் திறக்கும் கதவு

எங்கள் ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரியின் வாசல் கதவு, பெற்றவர்கள் இருவரும் மனதாரச் சிரித்தால்தான் திறக்கும். சிரிக்காதவர்களிடம் பிள்ளையைக் கொடுத்தனுப்பக் கூடாதென்று சட்டம்.

என் மகள் ஜெபக்கனி குழந்தையோடு கதவின் முன் நின்றாள். மருமகன் தேவசுந்தர் கன்னம் வலிக்கச் சிரித்தான்.

“தாயிடம் மகிழ்ச்சி போதவில்லை,” என்றது கதவு.

“நீயா பெத்த?” என்றாள் மகள். “உடம்பெல்லாம் நோவுது, பயமா இருக்கு. அழுதுகிட்டேதான் வளப்பேன். திற!”

“எனக்கும் பயமாத்தான் இருக்கு கனி,” என்று மருமகனும் விம்மினான்.

“தந்தையிடமும் போதவில்லை.”

பின்னால் காத்திருந்த தாய் தகப்பன்மாரெல்லாம் அழத் தொடங்கினார்கள். அழுதபடியே கதவைக் கீலோடு பெயர்த்தார்கள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். விழுந்த கதவின்மேல் ஏறி நடந்து, வீடு வரைக்கும் அழுதுகொண்டே போனோம். பாதி வழியில் பேரனும் விழித்து எங்களோடு சேர்ந்துகொண்டான்.