பத்மாஸினியின் கையெழுத்து

என்ஜின் ஆயில் தயாரிக்கும் கபினி லூப் ஆயில் கம்பெனியின் ஷேரை வைத்துக்கொள்வதா, விற்றுத் தொலைப்பதா என்ற கேள்வி கேசவமூர்த்தியின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

வங்கியில் கையெழுத்துகளைச் சரிபார்க்கும் அதிகாரி அவர். அவருடைய கண்ணுக்குப் பயந்து பாதி மைசூர் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டது. ஆனால் ஷேர் என்று வந்துவிட்டால் அந்தக் கண் ஒன்றுக்கும் உதவாது என்பது அவருக்கே தெரியும். தொண்ணூற்றிரண்டில் ஊரே ஷேர் பைத்தியம் பிடித்து அலைந்தபோது, அவரும் ராசியான பெயர் என்று மனைவி பத்மாஸினியின் பெயரில் விண்ணப்பம் போட்டார். அறுபது ரூபாய்க்கு வந்த ஷேர் நான்கு வருஷத்தில் இருபத்திரண்டுக்கு இறங்கிவிட்டது. இப்போது மகள் மானஸாவுக்கு இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. பணம் கட்ட அந்த ஷேரை விட்டால் வேறு வழியில்லை.

"விக்கப்படாது," என்றாள் பத்மாஸினி. "பெட்ரோல் வெலை மறுபடியும் ஏறியிருக்கு. நம்ம ஆயில் மட்டும் எறங்கிண்டே இருக்குமா? சும்மா இருங்கோ, நூறு ஆகும்."

கேசவமூர்த்தி நஞ்சன்கூட்டுக்கு பஸ் ஏறினார். கம்பெனியின் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. அந்த ஊரின் பேர்பெற்ற சிவன் கோயிலுக்குப் போகிறேன் என்றால் அந்த ஐயங்கார் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால், ஆபீஸ் வேலை என்று சொல்லியிருந்தார்.

தொழிற்சாலை வாசலில் டேங்கர் லாரிகள் நிற்க வேண்டிய இடத்தில் காவலாளி ராகி காயப்போட்டிருந்தார்.

"ஃபேக்டரி எப்போ ஓடும்?" என்று கேட்டார் கேசவமூர்த்தி.

"மொதல்ல ராகி காயட்டும் ஸார்."

மறுநாளே புரோக்கர் நஞ்சுண்டசாமியிடமிருந்து டிரான்ஸ்ஃபர் ஃபாரம் ஒன்றை வாங்கிவந்தார். மத்தியானம், வங்கியின் பழைய பேப்பர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, விற்பவர் கையெழுத்துப் போடும் இடத்தில் 'பத்மாஸினி' என்று ஒரே இழுப்பில் எழுதினார். வளைவும் கடைசிச் சுழியும் தங்குதடையில்லாமல் விழுந்தன. பயந்ததற்கு மாறாக, பழகிய கை போலவே ஓடியது. தனக்குள் இப்படி ஒரு கைதேர்ந்த திருடனா என்று அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

பெருமை சாயங்காலம்வரைகூட நிற்கவில்லை. பென்ஷன் எடுக்க வந்த கொள்ளேகால் லிங்கம்மாவின் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"நானேதான் எதுக்கால நிக்கறனுங்களே சாமி! என்னை நம்புவீங்களா, கையெழுத்தை நம்புவீங்களா?"

"கையெழுத்தைத்தான் அம்மா," என்றார் கேசவமூர்த்தி கம்பீரமாக.

சொன்னபோதே சட்டைப் பையில் இருந்த ஃபாரம் சுட்டது. அவமானமாக இருந்தது. அதை எடுத்துச் சுக்குநூறாகக் கிழித்து மேஜைக்கடியில் இருந்த குப்பைக்கூடையில் போட்டார். வீட்டுக்குப் போய், கிழித்த ஃபாரத்தைப் பற்றி மூச்சு விடாமல், நஞ்சன்கூட்டுக் கதையை மட்டும் மனைவியிடம் சொல்லிவிட்டார்.

"ராகியா காயறது?" என்றாள் பத்மாஸினி. "இதை நேத்திக்கே சொல்லப்படாதா? வித்துத் தொலைங்கோ."

புதிய ஃபாரத்தில் அவர் கண்ணெதிரிலேயே அவள் அழகாகக் கையெழுத்துப் போட்டாள். யோக்கியனாக இருப்பது இத்தனை சுலபமா என்று கேசவமூர்த்திக்கு ஆச்சரியமாக இருந்தது. ஷேர் பதினெட்டு ரூபாய்க்கு விற்றது. வந்த பணம் அப்படியே மானஸாவின் காலேஜுக்குப் போயிற்று.

அடுத்த மாதம் நஞ்சுண்டசாமி கூப்பிட்டனுப்பினார்.

"ஸ்வாமி, உங்க ஷேர் வாபஸ் வந்திருக்கு. கையெழுத்து ஒத்துப்போகலையாம். கம்பெனியில இருக்கிற மாதிரியே மேடம் கையெழுத்து வேணும். இல்லேன்னா வாங்கினவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்ல யாராவது மேடத்துக்குத் தெரியாம கள்ளக் கையெழுத்துப் போட்டுட்டாங்களா?"

"என் மூக்குக்கு முன்னாடி அவளே உக்காந்து போட்டாய்யா!" என்று கத்தினார் கேசவமூர்த்தி. கத்துவதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. ஷேர் இப்போது நாலு ரூபாயில் கிடந்தது. காலேஜோ கட்டிய பணத்தைத் திருப்பித் தராது.

கத்திய வேகம் குறையாமல் அக்ரஹாரத்து வீட்டுக்கு ஸ்கூட்டரை விட்டார். "இத்தனை வயசுக்கு ஒரு கையெழுத்தை ஒழுங்கா போடத் தெரியாதா?" என்று மனைவி மேல் பாய்ந்தார்.

பத்மாஸினி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நான் போட்டது என் கையெழுத்துதான். மானஸாவோட ப்ராக்ரஸ் ரிப்போர்ட்லே வருஷா வருஷம் போட்டேனே, அதே கையெழுத்து. அந்தக் கம்பெனிக்காராளுக்கு என் கையெழுத்து எப்படித் தெரியும்? நீங்க அப்ளிகேஷன் போட்டப்போ நான் வைரமுடி சேவைக்கு மேல்கோட்டை போயிருந்தேனே!"

கேசவமூர்த்தி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். நான்கு வருஷமாக மறந்தே போயிருந்தது நினைவுக்கு வந்தது; எதிரே லிங்கம்மா நிற்பது போல இருந்தது.

கடைசித் தேதி தவறிவிடுமே என்று அன்றைக்கு விண்ணப்பத்தில் 'பத்மாஸினி' என்று கையெழுத்துப் போட்டவர் அவரேதான்; கம்பெனிக்குத் தெரிந்த அசல் பத்மாஸினியை, யோக்கியனாகிவிட்ட அவசரத்தில், போன மாதமே கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டிருந்தார்.