பெற்றோல் மூடியின் துளை

மணற்காட்டுக் கடலுக்கு மேலே மேகம் கறுத்து நிற்கிறது. இரவு புயல் வருமென்று அறிவித்துவிட்டார்கள். மேர்சியின் பழைய பெற்றோல் ஜீப், பின்னால் கட்டிய படகோடு மணல்மேட்டின் பாதியில் இருமி இருமி நின்றுபோகிறது. இன்னும் நான்கு படகுகள் அலையில் கிடக்கின்றன. “எஞ்சின் முடிஞ்சுது, மேர்சி. இந்த ஜீப்பை விட்டிட்டு, இழுக்க ஆக்களைக் கூப்பிடுவம்,” என்கிறான் தமையன் ஜெரிசன். அவள் இறங்கவில்லை. பிளக் புதுசு, காபரேற்றரும் கழுவியாயிற்று. ஆனாலும் கால்மணி நேரம் ஓடினால் இழுவை போகிறது, சற்று ஆறவிட்டால் திரும்பி வருகிறது. முடிந்துபோன எஞ்சின் இப்படித் திரும்பி வராதே என்று நினைத்தவள், சட்டென்று இறங்கிப்போய்ப் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திருகுகிறாள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாய்கிறது. “அண்ணை, கேட்டுதே? தாங்கிக்குள்ளை காத்துப் போகேல்லை. அதுதான் பெற்றோல் எஞ்சினுக்கு இறங்குதில்லை.” மூடியின் சிறு துளையில் உப்பும் மணலும் இறுகியிருக்கின்றன. சட்டையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றிக் கிண்டுகிறாள், வாய்வைத்து ஊதுகிறாள், மறுபக்கம் விரலில் காற்றுப் படுகிறது. மூடியைப் பூட்டிவிட்டு ஏறி முடுக்குகிறாள். கயிறு விறைக்கிறது. சில்லுகள் மணலை வாரியிறைக்க, ஜீப் உறுமிக்கொண்டு ஒரே மூச்சில் மேடேறுகிறது. இரண்டாவது படகும் ஏறுகிறது, மூன்றாவதும் ஏறுகிறது. கால்மணி எப்போதோ கடந்துவிட்டது, எஞ்சின் ஒருமுறைகூட இருமவில்லை. முதல் மழைத்துளி கண்ணாடியில் விழுகிறது. ஜெரிசன் கயிற்றைத் தோளில் போட்டபடி மூச்சிரைக்க ஓடிவருகிறான். “இனி ஆருடைய படகு, மேர்சி?” மேர்சி சிரித்துக்கொண்டே ஜீப்பைக் கடலுக்குத் திருப்புகிறாள். “ஆருடையதெண்டாலும் கட்டு.”