பாலம் கட்டியவர்

"நீங்க கமிஷன் அடிச்சுக் கட்டின பாலம் ஆத்தோட போயிடுச்சு. இந்தத் தடவையும் ஜெயிப்பீங்களா?" என்று நிருபர் மைக்கை நீட்டினார்.

தலைவர் மீசையைத் தடவிக்கொண்டார். "எழுதி வெச்சுக்கங்க தம்பி. போன தடவையை விட ரெண்டு மடங்கு ஓட்டு!"

காரில் ஏறியதும் டிரைவர் மெல்ல இழுத்தார். "ஐயா, அக்கரை ஊரே கொதிச்சுப்போய்க் கிடக்கு. உங்க சொந்த அக்காவே உங்க பேரைக் கேட்டா காறித் துப்புறாங்களாம்."

"துப்பட்டும்யா! அவங்க ஓட்டுப் போடுற பள்ளிக்கூடம் இக்கரையிலதானே இருக்கு? பாலம் இல்லாம எப்படி வருவாங்க?"

டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டே வண்டியைக் கிளப்பினார். இப்படியும் ஒரு கணக்கா!

தேர்தலன்று காலை பள்ளிக்கூட வாசலில் வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. பல்லெல்லாம் தெரியக் கும்பிட்டுக்கொண்டே வந்த தலைவர், வரிசையில் முதலில் நின்ற பெண்ணின் கையைப் பிடித்தார். கை சில்லென்று ஈரமாக இருந்தது.

நிமிர்ந்து பார்த்தால், அக்கா! அவளுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேர் உடையிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னக்கா இது... எப்படி வந்தே?"

அக்கா கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். முந்தானையை அவர் செருப்பின் மேலேயே பிழிந்துவிட்டாள்.

"நீ கட்டின பாலத்து வழியாத்தான்டா!"