கடைசிப் பாத்திக்குத் தண்ணீர்

“மே மாசத்துல ஒரு மாச லீவா? நல்ல செயலாளரும்மா!”

சிவப்பிரகாசம் லீவு லெட்டரை மேசையில் போட்டார். மரக்காணம் உப்பளத் தொழிலாளர் நல அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவில் எட்டு வருடமாக உறுப்பினர். கூட்டத்துக்குத் தவறாமல் வருவார், டீ குடிப்பார், கையெழுத்துப் போடுவார், போவார்.

செயலாளர் இன்னாசியம்மாள் ஒரு காலத்தில் உப்பு சுமந்தவர். அறக்கட்டளையை ஆரம்பித்ததே அவர்தான். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. இப்போது, உப்புப் பாத்திகளில் வேலை செய்பவர்களுக்குக் குடிதண்ணீர் வண்டி தினமும் போயாக வேண்டிய வெயிலில், போனையும் அணைத்துவிட்டுப் போய்விட்டார்.

“எங்க போயிருக்காங்க?”

“சொல்லலைங்க சார்” என்றாள் யுவராணி. அலுவலகத்தில் இருப்பது அவளும் டிரைவர் பிரபாகரனும்தான்.

“நீ சின்னப் பொண்ணு, என்னத்த பண்ணுவ? நாளைக்கு ஒண்ணாந்தேதி, அதுலேர்ந்து நானே வண்டியில வர்றேன்.”

“வாங்க சார். ஆனா அந்த ஷூ வேணாம், உப்பு தின்னுடும்” என்றான் பிரபாகரன். “நீங்க பாத்திப் பக்கம் வந்ததே இல்லல்ல, அதான் சொல்றேன்.”

மறுநாளே சிவப்பிரகாசம் வண்டியில் ஏறினார்.

மூன்றாம் நாள் வண்டி நின்றுவிட்டது. மெக்கானிக் நம்பரை அவர் தேடி முடிப்பதற்குள், பிரபாகரன் கிளியனூரிலிருந்து ஒரு டிராக்டர் டேங்கரோடு வந்து நின்றான். ஐந்தாம் நாள் தண்ணீர் எடுக்கும் போர்வெல் மோட்டார் எரிந்தது. வாயே திறக்கத் தெரியாத பெண் என்று அவர் நினைத்திருந்த யுவராணி, பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் காலையிலிருந்து நின்று, வேறொரு போர்வெல்லில் தண்ணீர் எடுக்க அனுமதியோடு திரும்பினாள்.

“யாரைக் கேட்டுப் போன?”

“எதுக்கு சார் கேக்கணும்? இப்படி ஆனா இப்படிப் பண்ணணும்னு அக்கா எங்களை மூணு வருஷமா பழக்கியிருக்காங்களே.”

சிவப்பிரகாசம் தினமும் ஒரு தாளில் டிக் போட்டார். கழிவெளி ஏரி ஓரத்துக் கடைசிப் பாத்தி வரைக்கும் போய்விட்டுத்தான் போடுவார்.

அங்கே பன்னிரண்டு பெண்கள். வெயிலுக்கு முகத்தைச் சுற்றித் துணி. கண் மட்டும்தான் தெரியும். குழாயை அவரே பிடிப்பார். மஞ்சள் கேனோடு ஒருத்தி எப்போதும் வரிசையில் கடைசியாக நிற்பாள். பேசவே மாட்டாள்.

“கேனை நேரா புடிம்மா! பாதி கீழ போவுது பாரு!”

மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். தன் மடித்துவிட்ட பேன்ட்டைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பத்தொன்பதாம் தேதி திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். ஒன்பதரை மணி முகூர்த்தம்.

“கடைசிப் பாத்தியை இன்னிக்கு விட்டுடு. வண்டியைத் திருப்புப்பா.”

“சார், பன்னெண்டு பேரு...”

“ஒரு நாள்தானே? சமாளிச்சிப்பாங்க. திருப்புன்றேன்ல!”

கல்யாண வீட்டு வாசலில் இறங்கும் முன் தாளில் டிக் போட்டார்.

மறுநாள் கடைசிப் பாத்தியில் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

ஜூன் முதல் ஞாயிறு, நிர்வாகக் குழுக் கூட்டம். ஏழு பேரும் வந்திருந்தார்கள். இன்னாசியம்மாளும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது.

சிவப்பிரகாசம் எழுந்தார். தாளைத் தூக்கிக் காட்டினார்.

“முப்பத்தோரு நாள். செயலாளர் ஊர்ல இல்ல. ஒரு நாள் தவறல, ஒரு பாத்தி விடல. இவங்க இல்லாமலே எல்லாம் நடக்குதுன்னா இவங்க எதுக்கு? செயலாளரை மாத்தணும்னு தீர்மானம் கொண்டு வர்றேன்.”

தலைவர் சுப்ராயன் திரும்பினார். “என்னம்மா சொல்றீங்க? எங்கதான் போயிருந்தீங்க?”

இன்னாசியம்மாள் பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து மேசையில் வைத்தார்.

மஞ்சள் கேன்.

“கடைசிப் பாத்தியில உப்பு வாரிக்கிட்டு இருந்தேங்க. இங்க உக்காந்தா எனக்கு டிக் மட்டுந்தான் தெரியுது. தண்ணி வருதா இல்லையான்னு அங்க நின்னாத்தானே தெரியும்?” சிவப்பிரகாசத்தைப் பார்த்துச் சிரித்தார். “சார்தான் எனக்கு ஊத்துனாரு. நேரா புடின்னு திட்டுவாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். சிவப்பிரகாசம் கேனையே பார்த்தார். இன்னாசியம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. தான் ஏற்பாடு செய்த தண்ணீருக்கே முகத்தை மூடிக்கொண்டு வரிசையில் கடைசியாக நின்றிருக்கிறார். முப்பத்தோரு நாளும்.

அப்படியென்றால் பத்தொன்பதாம் தேதியும்.

இப்போது சொல்லப்போகிறார் என்று சிவப்பிரகாசம் காத்திருந்தார். அந்த அம்மாள் சொல்லவில்லை. கேனில் ஒட்டியிருந்த உப்பை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அப்ப தீர்மானத்தை ஓட்டுக்கு விடலாமா?” என்றார் சுப்ராயன்.

“இருங்க.” சிவப்பிரகாசம் பேனாவை எடுத்தார். ஒரு டிக்கின் மேல் கோடு போட்டு அடித்தார். “முப்பத்தொண்ணு இல்ல, முப்பது. பத்தொம்பதாம் தேதி கல்யாணத்துக்கு நேரமாச்சுன்னு நான்தான் வண்டியைத் திருப்பச் சொன்னேன். அந்த வெயில்ல பன்னெண்டு பேரு...” தாளைச் சுப்ராயன் பக்கம் தள்ளினார்.

இன்னாசியம்மாள் மறுபடி பைக்குள் கையை விட்டார். மடித்த காகிதம் ஒன்றைக் கேனுக்குப் பக்கத்தில் வைத்தார். ராஜினாமாக் கடிதம். அடுத்த செயலாளராக யுவராணியின் பெயர் எழுதியிருந்தது. தேதி, மே ஒன்று.

“தீர்மானம் வேணாங்க சார், நானே போறேன். இந்தப் புள்ளைங்க நடத்திடுவாங்கன்னு எனக்கு எப்பவோ தெரியும். கமிட்டியை நம்பி விட்டுட்டுப் போலாமான்னுதான் தெரியாம இருந்துச்சு... இப்ப தெரிஞ்சிடுச்சி.”