எத்தனை விசில்?

அக்காவின் சமையலறையில் காலை வெயில் அடுப்புமேடைவரை வந்துவிட்டது. குக்கர் மெல்ல உறும ஆரம்பிக்கிறது. தங்கையின் கை தானாகவே அடுப்பை அணைக்கப் போகிறது. எட்டு வருஷமாக அப்படித்தான், விசில் வருவதற்குள் அணைத்துவிட வேண்டும். ராத்திரி வேலை முடித்துத் தூங்கும் புருஷன் விழித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பது அவள் இடது முழங்கைக்குத் தெரியும். மகளோடு அக்கா வீட்டுக்கு வந்து இன்று இரண்டாவது நாள். "அரிசிக்கு எத்தனை விசில்க்கா?" என்று கேட்கிறாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்கிறாள். "இத்தனை வருஷம் சமைச்சவ கேக்குற கேள்வியாடி இது?" சொல்லி முடிப்பதற்குள் புரிந்துபோய், தங்கையின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "கைய எடு. கத்தட்டும். இந்த வீட்ல கத்துறது அது ஒண்ணுதான்."

விசில் வீடே அதிர அடிக்கிறது. தங்கை கண்களை இறுக மூடிக்கொள்கிறாள். கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்த மகள் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விடுகிறாள். ஜன்னல் கண்ணாடியில் ஆவி படர்கிறது. எந்தக் கதவும் திறக்கவில்லை. அக்கா மறுபடி காய் நறுக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. குக்கர் இன்னொரு தரம் அடிக்கிறது. மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கிறது. "ரெண்டு!" என்று விசிலைவிடச் சத்தமாகக் கத்துகிறது.